பழைய கேம்பர் வேனில் கரண்ட் கோளாறு: மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

பினாங்கில் தெலுக் பகாங் பக்கம் இரண்டு இரவு நிறுத்திவைத்த கேம்பர் வேன், அதாவது கட்டில், பிரிட்ஜ் எல்லாம் வைத்து மாற்றிய வேன், மூன்றாம் நாள் காலை சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும். உடனே புது பேட்டரி வாங்கிப் போடுவார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதே 'டிக்'. அடுத்து ஸ்டார்ட்டர் மாறும், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மாறும். பேட்டரியின் நெகட்டிவை வேனின் பாடியோடு இணைக்கும் எர்த் வயரைப் பிடித்திருக்கும் போல்ட்டை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அது பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பேறி, மூலையில் கிடக்கும்.

பழைய வேன் என்றால் இங்கே கண்ணில் படுவது வேனட், ஹையேஸ், இக்கோனோவேன் வகையறா. மூன்றிலும் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். இருபது முப்பது வருட எஞ்சின் சூட்டில் வயரின் தோல் காய்ந்த முறுக்கு மாதிரி ஆகியிருக்கும், வளைத்தால் நொறுங்கும். அதன் மேல் கேம்பராக மாற்றியவர் ஓட்டிய இரண்டாவது வயரிங். நடுவில் யாரோ ரேடியோ வைத்திருப்பார்கள், இன்னொருவர் அலாரம் வைத்திருப்பார், மூன்றாமவர் அலாரத்தைப் பிடுங்கிவிட்டு வயரை மட்டும் விட்டுவைத்திருப்பார். இதற்கு வரைபடம் எங்கும் கிடைக்காது. ஆனால் கோளாறு ஒளிந்திருக்கும் இடங்கள் வேனுக்கு வேன் பெரிதாக மாறுவதில்லை. சாமான் கெடுவது குறைவு. இணைப்பு கெடுவதே அதிகம். அதிலும் பினாங்கின் வடகரையில் உப்புக் காற்று பட்டு நிற்கும் வேனாக இருந்தால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கையில் என்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. 10 ஆம்ப் துளை இருக்க வேண்டும், மில்லிவோல்ட் காட்ட வேண்டும். கிளாம்ப் மீட்டர் வாங்குவதானால் டிசி ஆம்ப் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான கிளாம்ப்களில் பல ஏசி மட்டுமே அளக்கும். வேனில் அதற்கு வேலையே இல்லை.

அடுத்தது டெஸ்ட் லைட். கடையில் விற்கும் பேனா மாதிரிச் சாமான் வேண்டாம். பிரேக் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்ப், அதற்கு ஒரு ஹோல்டர், இரண்டு மீட்டர் வயர் இரண்டு, முனையில் முதலைக் கிளிப். இதை நீங்களே செய்துகொள்ளலாம். மல்டிமீட்டர் பொய் சொல்லும் இடத்தில் இந்தப் பல்ப் உண்மையைச் சொல்லும். காரணம் எளிது. இருபது இழை உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.6 வோல்ட் என்றே காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டையே இழுப்பதில்லை. பல்ப் 1.75 ஆம்ப் இழுக்கும். பழுதான இணைப்பு அந்தச் சுமையைத் தாங்காது. பல்ப் மங்கும், அல்லது எரியவே எரியாது.

இவற்றோடு 10 மி.மீ., 12 மி.மீ. ஸ்பேனர், 120-ஆம் நம்பர் மணல் தாள், வயர் பிரஷ், வாஸ்லின், வயர் முனையில் லக்கை (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) நசுக்கிப் பிடிக்கவைக்கும் ராட்செட் வகை கிரிம்பிங் கருவி, சூடு காட்டினால் சுருங்கி வயரைக் கவ்வும் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய், பல அளவில் பியூஸ். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பாசார் கடைவரிசையில் கனெக்டர், ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்), ஹீட் ஷ்ரிங்க் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

மோதிரம், இரும்புக் கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுக் குனியுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால், ஸ்பேனரே அந்த இடத்தில் பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். பேட்டரி அருகே ஹைட்ரஜன் இருக்கும் என்பதால் பொறி பறப்பது அங்கே விளையாட்டு இல்லை.

பேட்டரி சொல்லும் எண்கள்

வேனை நிறுத்தி நாலைந்து மணி நேரமாவது கழித்து அளக்க வேண்டும். நிறுத்திய உடனே அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் 12.6-லிருந்து 12.8 வரை இருந்தால் முழுசு. 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி மீளாது. லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கால்வாசி இருக்கும்போதும் முக்கால்வாசி இருக்கும்போதும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்தான் காட்டும். அதற்கு, உள்ளே வரும், வெளியே போகும் கரண்ட்டை அளந்து கணக்கு வைக்கும் ஷன்ட் வைத்த மானிட்டர் வேண்டும்.

வோல்ட் சரியாக இருப்பதால் பேட்டரி நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஸ்டார்ட் அடிக்கும்போது அளந்து பாருங்கள். நம் சீதோஷ்ணத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. 8, 7 என்று சரிந்தால் பேட்டரி போய்விட்டது. 11.5-இல் நின்றுகொண்டு ஸ்டார்ட்டரோ சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். கரண்ட் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

எர்த்: நேரத்தைச் செலவிட வேண்டிய இடம்

இதற்கு வோல்ட் இழப்பு சோதனை என்று பெயர். ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும், ஒருவர் மீட்டர் பார்க்க வேண்டும். எஞ்சின் பற்றிக்கொள்ளக் கூடாது என்பதால் பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் பியூஸையும், டீசலில் பம்ப் மேலிருக்கும் எரிபொருள் நிறுத்தும் சோலினாய்டின் வயரையும் கழற்றிவிடுங்கள்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்புமுனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்தின் மேல். கம்பத்தைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பின் மேல் அல்ல, ஈயத்தின் மேல். சிவப்புமுனை எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத ஓர் இடத்தில். இப்போது மூன்று வினாடி ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எஞ்சின் எர்த் கெட்டிருக்கிறது. சிவப்புமுனையை வேனின் பாடிக்கு மாற்றி, ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி அளங்கள், இங்கே 0.1-க்கு மேல் போகக் கூடாது. பிறகு பாசிட்டிவ் பக்கம்: பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட் வரை, ஸ்டார்ட் அடிக்கும்போது 0.5 வரை போகலாம்.

எண் கூடியிருந்தால் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஈயக் கம்பத்திலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து வயர், வயரிலிருந்து லக், லக்கிலிருந்து பாடி. எந்த ஒரு தாண்டலில் 0.3, 0.4 என்று குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. யூகிப்பதற்கு இடமே இல்லை.

கண்டுபிடித்தபின் போல்ட்டை இறுக்கினால் மட்டும் போதாது. கழற்றுங்கள். லக்கின் அடிப்பக்கமும் பாடியும் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை ஓர் இருபது சென் காசு அகலத்துக்குத் தேயுங்கள். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கிவிட்டு, அதற்குப் பிறகு மேலே வாஸ்லினோ கிரீஸோ பூசுங்கள். சிலர் துரு வராமல் இருக்கட்டும் என்று முதலில் பெயின்ட் அடித்துவிட்டு லக்கை வைப்பார்கள். பெயின்ட் கரண்ட்டைக் கடத்தாது.

லக் பார்க்க நன்றாக இருந்தும் இழப்பு அதிகமா? லக்கிலிருந்து ஒரு விரல் தள்ளி வயரின் தோலைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். செம்பு சிவப்பாக மின்ன வேண்டும். கறுத்துப்போய், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தால் ஈரம் தோலுக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம். கறுப்பு முடிந்து நல்ல செம்பு தெரியும் இடம்வரை வெட்டித் தள்ள வேண்டும். கடலோர வண்டியில் அரை மீட்டர் வெட்டினாலும் கறுப்பாகவே போகும். அப்போது வயர் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

பின் பகுதியில், அதாவது கட்டில், பிரிட்ஜ், பம்ப் இருக்கும் பகுதியில், ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் கிடைத்த ஸ்க்ரூவில் எர்த் மாட்டியிருந்தால் அத்தனையையும் கழற்றிவிடுவதே நல்லது. எல்லா நெகட்டிவ் வயரையும் ஒரே பஸ்பாருக்கு (பல வயர் மாட்டும் உலோகப் பட்டை) கொண்டுவாருங்கள். அங்கிருந்து பின் பேட்டரிக்கு, அதாவது இந்தச் சாமான்களுக்கென்று வைத்த இரண்டாவது பேட்டரிக்கு, ஒரு தடித்த வயர், அந்தப் பேட்டரியிலிருந்து வேனின் இரும்புச் சட்டமான சேஸிக்கு 16 அல்லது 25 சதுர மி.மீ.யில் ஒன்று. இனி எர்த் பழுது என்றால் பார்க்க வேண்டிய இடம் இரண்டே.

பின் விளக்கில் எர்த் போனதற்கு அடையாளம் எல்லோருக்கும் பழக்கமானது: பிரேக் மிதித்தால் சிக்னல் லைட்டும் மங்கலாகச் சேர்ந்து எரியும். பிரேக் லைட்டின் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்ப் வழியாகப் புகுந்து போகிறது. பல்ப் மாற்ற வேண்டாம்.

சார்ஜ் ஏறவில்லை

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.6 வரை. 13.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை, 14.8-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது. இரண்டும் பேட்டரியைக் கொல்லும், இரண்டாவது வேகமாக.

ஆல்டர்னேட்டரைக் கழற்றுமுன் டேஷ்போர்டைப் பாருங்கள். சாவியை ஆன் நிலையில் வைத்தால், எஞ்சின் ஓடாதபோது, பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் அந்தக் குட்டி பல்ப் போயிருக்கலாம். பல பழைய ஆல்டர்னேட்டர்கள் முதல் காந்தத்தை உண்டாக்குவதே அந்தப் பல்ப் வழியாக வரும் கரண்ட்டால்தான். பல்ப் போனால் ஆல்டர்னேட்டர் தூங்கும். சில ரிங்கிட் பல்ப்புக்காக முழு ஆல்டர்னேட்டர் மாற்றுவது புதிய கதை இல்லை.

விளக்கு சரி என்றால் பெல்ட் இழுவை, பிறகு ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ். பிரஷ் தேய்ந்திருந்தால் மேடுபள்ளத்தில் சார்ஜ் விட்டுவிட்டு வரும். பழைய டீசல் ஹையேஸ் எஞ்சின்களில் ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்குவம் பம்பும் சேர்ந்திருக்கும். அதன் சீல் கசிந்து ஆயில் உள்ளே போனால் பிரஷ் ஊறிப் போகும். சீல் மாற்றாமல் பிரஷ் மட்டும் மாற்றினால் சில மாதத்தில் திரும்பி வரும். ஆல்டர்னேட்டருக்குள் கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடைச் சோதிக்க மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியில் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது 0.5 வோல்ட் ஏசிக்கு மேல் காட்டினால் டையோடு போயிருக்கிறது.

இப்போது பின் பேட்டரி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இரண்டு பேட்டரியையும் அளங்கள். முன்னால் 14.2, பின்னால் 14.0 என்றால் சரி. முன்னால் 14.2, பின்னால் 12.5 என்றால் நடுவிலிருக்கும் ரிலே சேரவில்லை, இல்லையென்றால் பியூஸ் போயிருக்கிறது. இரண்டு பேட்டரியையும் இணைக்கும் வயருக்கு இரண்டு முனையிலும் பியூஸ் இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். வோல்ட் பார்த்துச் சேரும் ரிலே என்றால் ஏறக்குறைய 13.3-இல் சேர்ந்து 12.8-இல் பிரியும். பழைய மெல்லிய வயரில் ஆல்டர்னேட்டரின் 14 வோல்ட் ரிலேயை எட்டுமுன் 13.1 ஆகிவிட்டால் ரிலே என்றைக்கும் சேராது. ரிலே நல்லதுதான், வயர்தான் போதவில்லை.

எதுவும் கெடாமலேயே பின் பேட்டரி தினமும் காலியாகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வெயிலில் ஒரு கம்ப்ரெசர் பிரிட்ஜ் நாளைக்கு 30-40 ஆம்ப்-மணி எடுக்கும். பாயான் லெப்பாஸிலிருந்து பாலம் கடந்து பட்டர்வொர்த் வரை அரை மணி நேரம் ஓட்டினால், சாதாரண ரிலே வழியாகத் திரும்பி ஏறுவது 10 ஆம்ப்-மணி அளவுதான். தீவுக்குள்ளேயே சுற்றும் வேனுக்கு ஆல்டர்னேட்டர் மட்டும் போதாது. சோலார் வேண்டும், அல்லது வீட்டில் நிறுத்தும்போது சார்ஜரில் மாட்ட வேண்டும்.

லெட்-ஆசிட்டை எடுத்துவிட்டு லித்தியம் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லித்தியம் கொடுப்பதையெல்லாம் விழுங்கும். 60 ஆம்ப் பழைய ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் நெடுநேரம் ஓடி, எஞ்சின் சூட்டில் கருகும். வோல்ட் பார்க்கும் ரிலேயும் சரிவராது. லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 காட்டும் என்பதால் எஞ்சினை அணைத்தபிறகும் ரிலே பிரியாமல், இரண்டு பேட்டரியும் சேர்ந்தே இறங்கும். முன் பக்கத்திலிருந்து அளவாகக் கரண்ட் எடுத்துப் பின் பேட்டரிக்கு ஏற்றும் 20 அல்லது 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் போடாமல் லித்தியத்துக்குப் போகாதீர்கள்.

இரவில் யார் குடிக்கிறார்கள்

என்எஸ்60 அளவு பேட்டரி 45 ஆம்ப்-மணி. அரை ஆம்ப் ஓசையில்லாமல் ஒழுகினால் இரண்டு நாளில் பாதிக்கு மேல் போய்விடும். மூன்றாம் காலை ஸ்டார்ட் ஆகாது. பழைய வேனில் எல்லாம் அணைத்தபின் 50 மில்லிஆம்புக்குள் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அணையுங்கள். கதவைத் திறந்து வைத்தே வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் கதவு லைட் சுவிட்சை டேப் போட்டு அமுக்கி வையுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்ப் துளையில் மாட்டி, கம்பத்துக்கும் கழற்றிய வயருக்கும் நடுவில் வையுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட் அடிக்காதீர்கள், ஹெட்லைட்டும் போடாதீர்கள்; மீட்டரின் பியூஸ் போய்விடும். சில நிமிடம் பொறுத்து எண்ணைப் படியுங்கள். கூடுதலாக இருந்தால் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் சரிகிறதோ அந்த வழியில் தேடுங்கள்.

பியூஸைப் பிடுங்காமலும் பார்க்கலாம். தட்டை பியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளி தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொடுங்கள். சுழியம் என்றால் கரண்ட் ஓடவில்லை, 0.2, 0.5 என்று ஏதாவது காட்டினால் ஓடுகிறது. கண்ணாடி பியூஸுக்கு இரண்டு முனை உலோகத் தொப்பியில் தொட்டால் போதும்.

சந்தேகப் பட்டியலில் முதலிடம் ரேடியோவுக்கு. மஞ்சள் வயர் நினைவுக்கு, சிவப்பு சாவிக்கு. இரண்டையும் சேர்த்து முறுக்கி நேரே பேட்டரிக்குக் கொடுத்திருப்பார்கள். அடுத்து டேஷ்கேம், கைவிடப்பட்ட அலாரம், டிராக்கர், நீல எண் ஒளிரும் யுஎஸ்பி சாக்கெட். பின் பேட்டரியில் என்றால், 12 வோல்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர். எதையும் மாட்டாமல் ஆன் நிலையில் வைத்தாலே அரை ஆம்பிலிருந்து ஒரு ஆம்ப் வரை குடிக்கும் இன்வெர்ட்டர்கள் உண்டு.

எல்லா பியூஸையும் பிடுங்கியும் ஒழுக்கு நிற்கவில்லையா? பியூஸ் பெட்டியைத் தொடாமல் நேரே போவது ஆல்டர்னேட்டரின் தடித்த வயர். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து அந்த வயரை எடுத்து முனையில் டேப் சுற்றி, மறுபடி அளங்கள். ஒழுக்கு நின்றால் டையோடு பின்பக்கமாகக் கசிகிறது.

பியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

பெரிய பியூஸ் போடுவது தீர்வு இல்லை. பியூஸ் சாமானைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. 1.5 சதுர மி.மீ. வயருக்கு 15 ஆம்ப், 2.5-க்கு 20, 4-க்கு 30, 6-க்கு 40. அதற்கு மேல் போகாதீர்கள். தட்டை பியூஸில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஃபோக்ஸ்வேகன் கோம்பி வைத்திருப்பவர்களுக்குப் பீங்கான் பியூஸில் வெள்ளை 8, சிவப்பு 16.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பியூஸ் எரிக்காமல், அந்த 21 வாட் டெஸ்ட் லைட்டைப் பியூஸ் இருந்த இடத்தில் மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்ப் பிரகாசமாக எரியும். பல்ப்பே கரண்ட்டை 2 ஆம்புக்குள் கட்டுப்படுத்துவதால் எதுவும் கருகாது. அந்த வழியில் இருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, வயர்க்கட்டை நீளவாக்கில் அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே அசைக்கும்போது பல்ப் மினுக்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். பின் கதவின் கீல் பக்கத்து ரப்பர் குழாய் முதல் இடம். திறந்து மூடி, திறந்து மூடி வயர் உள்ளே அறுந்திருக்கும். ரப்பர் வளையம் இல்லாமல் தகட்டுத் துளையில் நுழையும் வயர் அடுத்தது. மூன்றாவது, பலகை அடித்த ஆசாரியின் ஸ்க்ரூ.

பியூஸ் போகவில்லை, ஆனால் ஹோல்டர் பிளாஸ்டிக் உருகியிருக்கிறது என்றால் அது வேறு கதை. பற்றிப்பிடிக்கும் நாக்குகள் தளர்ந்து 0.1 ஓம் தடை வந்துவிட்டது. 8 ஆம்ப் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 6.4 வாட் சூடு. பியூஸுக்குக் கரண்ட் அளவு சரியாகத்தான் இருக்கிறது, எனவே அது போகாது, பிளாஸ்டிக்தான் உருகும். ஹோல்டரை மாற்ற வேண்டும். பின் பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பாசிட்டிவ் வயருக்கும் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள். இல்லாதது கண்ணில் பட்டால் மற்ற வேலையை விட்டுவிட்டு அதை முதலில் போடுங்கள்.

பிரிட்ஜ்

பேட்டரி 12.4 காட்டுகிறது, பிரிட்ஜ் ஓடி ஓடி நிற்கிறது. கம்பனி மேல் கோபப்படுமுன், பிரிட்ஜின் சொந்த டெர்மினலில், கம்ப்ரெசர் கிளம்பும் அந்த நொடியில் அளங்கள். டான்ஃபோஸ், செக்கோப் பிடி35 வகை கம்ப்ரெசர்கள், அமைப்பை மாற்றாதவரை, 10.4 வோல்ட்டில் தம்மை அணைத்துக்கொண்டு 11.7 வந்தால்தான் மறுபடி கிளம்பும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சிறு எல்இடி இணைத்திருந்தால் அது மினுக்கும் எண்ணிக்கையிலேயே நோய் தெரியும்: ஒரு முறை என்றால் வோல்ட் போதவில்லை, இரண்டு ஃபேன், மூன்று என்றால் மோட்டார் கிளம்ப முடியவில்லை, நான்கு வேகம் எட்டவில்லை, ஐந்து சூடு.

ஒரு மினுக்கல் என்றால் வயரின் தடிமனைக் கணக்கிடுங்கள். போக வர நீளத்தை ஆம்பால் பெருக்கி, 0.0175-ஆல் பெருக்கி, வயரின் சதுர மி.மீ.யால் வகுத்தால் இழப்பு கிடைக்கும். பிரிட்ஜ் 5 மீட்டர் தள்ளி, அதாவது போக வர 10 மீட்டர், 5 ஆம்ப். 1.5 வயரில் 0.58 வோல்ட் போகிறது. 2.5-இல் 0.35. 4-இல் 0.22. கிளம்பும்போது கரண்ட் இன்னும் அதிகம் என்பதால் 4 போடுங்கள்.

வயர் வாங்கும்போது முனையைக் கத்தியால் சீவிப் பாருங்கள். வெளியே செம்பு, உள்ளே வெள்ளி நிறம் என்றால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. மலிவு, ஆனால் கிரிம்ப் தளரும். வெளியே வெள்ளி, சீவினால் செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. கடலோர வண்டிக்கு அதுதான் உகந்தது. வீட்டுச் சுவரில் ஓட்டும் தடித்த இழை வயர் வேண்டாம், ஆட்டத்தில் முறியும்.

இன்வெர்ட்டரும் 230 வோல்ட்டும்

400 வாட் குட்டி ரைஸ் குக்கர் 12 வோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 38 ஆம்ப் இழுக்கும். 1000 வாட் முழுச் சுமை என்றால் 95 ஆம்ப். சோறு பாதி வேகும்போது இன்வெர்ட்டர் 'பீப்' அடித்து நின்றால், பெரும்பாலும் வயர் மெல்லியது அல்லது லக் சரியாக அழுந்தவில்லை. ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு 35 சதுர மி.மீ. வயரும் 125 ஆம்ப் பியூஸும் போடுங்கள்; அந்த அளவில் இழப்பு 0.14 வோல்ட்தான், 10 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட். ஐந்து நிமிடம் ஓடியபின் லக்கைத் தொட்டுப் பாருங்கள். வயரைவிட லக் சூடாக இருந்தால் கிரிம்ப் மோசம்.

230 வோல்ட் பக்கத்துக்கு நம் ஆலோசனை சுருக்கமானது: பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள். அவரிடம் இரண்டைக் கேளுங்கள். வெளியிலிருந்து வரும் கரண்ட்டும் இன்வெர்ட்டர் கரண்ட்டும் ஒரே சாக்கெட்டுக்குப் போனால் நடுவில் மாற்றுச் சுவிட்ச் இருக்கிறதா? கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி சுவிட்ச், இன்வெர்ட்டரில் ஓடும்போதும் உண்மையில் விழுகிறதா? பல இன்வெர்ட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்போது ஆர்சிசிபி பெயருக்குத்தான் இருக்கும்.

சில்லறைத் தொல்லைகள்

தண்ணீர்ப் பம்ப் குழாய் மூடியிருக்கும்போதே அவ்வப்போது 'டர்' அடித்தால் எங்கோ சொட்டுகிறது, வயரைத் தொடாதீர்கள். உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பம்ப்பின் டெர்மினலில் அளங்கள். 11-க்குக் கீழே என்றால் வயர், 12 இருந்தால் பம்ப்.

சிக்னலுக்கு எல்இடி போட்டதும் படபடவென்று வேகமாக அடித்தால் சிக்னலை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய பிளாஷரை எலக்ட்ரானிக் பிளாஷராக மாற்றினால் முடிந்தது. மங்கலான ஹெட்லைட்டுக்கு அதிக வாட் பல்ப் போடாதீர்கள், சுவிட்ச் உருகும். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேர் வயர் எடுத்து ரிலே போடுங்கள். ரிலேயில் 30 பேட்டரிக்கு, 87 பல்ப்புக்கு, 85-ம் 86-ம் பழைய சுவிட்ச் வயருக்கும் எர்த்துக்கும். 87ஏ என்று ஒரு கால் இருந்தால் அதைக் காலியாக விடுங்கள்.

சோலாரில் நடுப்பகல் வெயிலில் தகட்டைத் தனியே பிரித்து அளந்தால் 100 வாட் தகடு 20 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் தகடு நல்லது. கன்ட்ரோலரையும் இணைப்பையும் பாருங்கள். கன்ட்ரோலரிலிருந்து கழற்றும்போது தகடு முதலில், பேட்டரி பிறகு. மாட்டும்போது பேட்டரி முதலில்.

வயரை ஒட்டுப்போடும்போது இரும்புக் கத்தி வைத்துக் கவ்வும் நீலக் கிளிப்பைப் பயன்படுத்தாதீர்கள். அது இழையை வெட்டி, ஈரத்துக்கும் வாசல் திறந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைப்பதைவிட கிரிம்ப் நல்லது, ஈயம் முடியும் விளிம்பில் வயர் விறைத்து ஆட்டத்தில் ஒடியும். கிரிம்ப் அடித்ததும் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும். கூரைத் துளை வழியாக வயர் இறங்கும் இடத்தில், நுழையுமுன் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளையுங்கள், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். துளையை அடைக்க பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். காடி நெடி அடிக்கும் சிலிகான் வேண்டாம். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் பக்கத்திலிருக்கும் செம்பை அரிக்கும்.